மலையில் மாதத்தை விட மணி முக்கியம்

அனைவருக்கும் வணக்கம்.

மலைப் பயணம் பற்றிப் பேச நின்றாலே முதலில் வரும் கேள்வி, "எந்த மாதம் போனால் நன்றாக இருக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. லீவு சொல்ல வேண்டும், அறை பிடிக்க வேண்டும், பிள்ளைகளின் பரீட்சை முடிய வேண்டும். ஆனால் மாதம் தெரிந்ததும் மலையின் வானிலையே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பருவம் என்பது பல ஆண்டுகளின் சராசரி. நீங்கள் நடக்கப்போவது ஒரே ஒரு நாளில். டிக்கெட் போட மாதத்தைப் பாருங்கள், தவறில்லை. பையைக் கட்டும்போது உயரத்தைப் பாருங்கள், நடக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் உயரம். மேலே ஏற ஏற, ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. அடிவாரத்தில் 22 டிகிரி என்று போன் காட்டுகிறது. நீங்கள் ஏறப்போகும் முகடு 1500 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 12 டிகிரிதான் இருக்கும். அதோடு காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு அது இன்னும் குறைவாகத்தான் தெரியும். அடிவார ஊருக்குச் சொன்ன வானிலையை உச்சிக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். ஓடைக்கரையில் சமதரை கிடைத்ததே என்று கூடாரம் போட்டவர் விடிய விடிய நடுங்குவார்; சரிவில் கொஞ்சம் மேலே தங்கியவர் நன்றாகத் தூங்கியிருப்பார்.

காற்றைப் பற்றிச் சொல்ல ஒரு மலை போதும். அமெரிக்காவின் வாஷிங்டன் மலை 1917 மீட்டர்தான். இமயத்தைப் பார்த்தவர்கள் இதை மலை என்றே சொல்ல மாட்டார்கள். அதன் உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதை மிஞ்சிய பதிவு உலகில் எங்கும் இல்லை. ஏப்ரல் மாதம் அங்கே வசந்த காலம் என்பதையும் கவனியுங்கள். சின்ன மலைதானே என்று யாராவது சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். கோடைக்கால மலைக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. காலையில் வெயில் பட்டதும் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேல்நோக்கி ஏறத் தொடங்கும். பத்து, பதினொரு மணிக்கு முகட்டின் மேல் சின்னச் சின்னப் பஞ்சு மேகங்கள் தெரியும். பார்க்க அழகாக இருக்கும், படமும் எடுப்போம். அந்த மேகம் அகலத்தை விட உயரமாக வளர ஆரம்பித்தால், அடி கறுத்தால், படம் எடுத்தது போதும். பிற்பகலில் அதுவே இடிமழையாக இறங்கும். அதனால்தான் அனுபவசாலிகள் இருட்டோடு கிளம்பி, மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுகிறார்கள். சூரிய உதயம் பார்க்கும் ஆசையெல்லாம் இரண்டாம்பட்சம்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், அந்த மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் பக்கம் விழலாம். முகடு, திறந்த புல்வெளி, தனிமரம் மூன்றையும் விட்டு விலகி இறங்குங்கள். கூடாரமோ பாறைக் குடைவோ பாதுகாப்பு இல்லை. முழுமையான கட்டடமோ, மூடிய காரோ கிடைத்தால்தான் ஓரளவு நிம்மதி. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வர வேண்டாம்.

இன்னொன்று, மழை உங்கள் தலையில் பெய்ய வேண்டும் என்ற அவசியமே இல்லை. 1976 ஜூலை 31 அன்று கொலராடோவின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில், விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை, மேல்பகுதியில் ஓர் இடிமேகம் நகராமல் நின்றது. சில மணி நேரத்தில் சுமார் 300 மில்லிமீட்டர் மழை. கீழே இருந்தவர்களுக்கு அவ்வளவு மழையே இல்லை. இரவில் வெள்ளம் சுவர்போல வந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். சாலையோடு காரை ஓட்டித் தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டவர்கள் அவர்களில் பலர். வண்டியை விட்டுவிட்டுச் சரிவில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். வெள்ளம் வந்தால் மேலே ஏறு என்று சொல்லும் பலகைகள் இப்போது அந்த மாநிலத்துப் பள்ளத்தாக்குச் சாலைகளில் நிற்கின்றன. ஓடை திடீரென்று கலங்கினால், குச்சியும் இலையும் மிதந்து வந்தால், காரணம் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பனி உருகும் காலத்திலும் இதே கடிகாரம்தான். பகல் வெயிலில் உருகிய நீர் பிற்பகலிலும் மாலையிலும் ஓடையை நிரப்பும். காலையில் முழங்கால் அளவுக்குக் கடந்த ஓடை, திரும்பும்போது இடுப்பளவு ஓடும். பனிச்சரிவு பற்றி இன்று நான் பேசவில்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அது இல்லாதவர்கள் உறைபனிச் சரிவுகளுக்கு வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பத்து கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி நேரம். இது நல்ல நடையாளிக்கு, ஓய்வைச் சேர்க்காமல். குடும்பத்தோடு போனால் இதில் பாதியையாவது கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம். பிறகு, கிளம்பும் முன்பே திரும்பும் மணியை முடிவு செய்யுங்கள். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான், உச்சி இருநூறு மீட்டரில் இருந்தாலும் சரி. மேலே போய் முடிவு செய்யலாம் என்றால், மேலே ஆசைதான் முடிவு செய்யும்.

உடை விஷயத்தில் பலரும் தடிமனான ஒரே ஸ்வெட்டரை நம்புகிறார்கள். வியர்வையை வெளியேற்றும் மெல்லிய உள்ளாடை, அதன் மேல் வெதுவெதுப்புக்கு ஒன்று, காற்றையும் மழையையும் தடுக்க ஒன்று என்று மூன்றாக இருந்தால், ஏறும்போது கழற்றி, நிற்கும்போது போட்டுக்கொள்ளலாம். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டைப் பறிக்கும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவது ஆபத்தான நிலை. அது பனிமலையில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். நனைந்த உடையும் காற்றும் இருந்தால் 10 டிகிரியிலேயே வரும். பேச்சு குழறுகிறதா, ஜிப் போட முடியவில்லையா, தடுமாறுகிறாரா என்று பாருங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் தானாக நின்று, அவர் சும்மா உட்கார்ந்துவிட்டால் அது தேறியதற்கு அடையாளம் இல்லை. ஈர உடையை மாற்றி, போர்த்தி, உடனே உதவி கேளுங்கள்.

2500 மீட்டருக்கு மேல் தங்குபவர்களுக்குத் தலைவலி, குமட்டல் வரலாம். 3000 மீட்டரைத் தாண்டினால் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். அறிகுறி கூடினால் இறங்குவதுதான் மருந்து. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வையுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

டார்ச், விசில், வரைபடம் எல்லாம் பகல் நடைக்கும் வேண்டும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சட்டைக்குள் வையுங்கள். வீட்டில் ஒருவரிடம் பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். "எட்டு மணிக்குள் கூப்பிடாவிட்டால் மீட்புக் குழுவுக்குச் சொல்" என்று தெளிவாக எழுதுங்கள். "சாயங்காலம் வந்துடுவேன்" என்பதை வைத்து யாரும் யாரையும் தேட முடியாது.

அப்புறம், ஒவ்வொரு பயணத்துக்கும் தாழ்வான இன்னொரு நடைப்பாதையைக் கைவசம் வைத்திருங்கள். காலையில் முன்னறிவிப்பு மோசமானால் உச்சியை விட்டுவிட்டு அங்கே போகலாம். நாளும் வீணாகாது, கூட வந்தவர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள். கேள்விகளுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்கிறார்கள். கேளுங்கள்.