மார்கழி சீசனுக்கு இரண்டு நாள் சென்னை: எத்தனை கச்சேரி, எங்கே சாப்பாடு?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறு சென்னைக்கு வந்து சீசன் கச்சேரி கேட்க வேண்டும் என்று எனக்கும் மனைவிக்கும் ரொம்ப நாள் ஆசை. சபா கேன்டீன் சாப்பாட்டையும் விட மனசில்லை. அப்பாவுக்கு 72 வயது, அவரும் வருகிறார். எங்களுக்கு ராகம் தாளம் எதுவும் தெரியாது. எங்கே தங்குவது, எந்தச் சபாவுக்குப் போவது, இரண்டு நாளில் எத்தனை கச்சேரி கேட்கலாம்?"

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதை வைத்துத்தான். ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரி. அதற்கு மேல் வேண்டாம். இரண்டு நாளில் நான்கு கேட்டால் போதும், மூன்று கேட்டாலும் நிறைவுதான்.

நான் முதல் தடவை சீசனுக்கு வந்தபோது ஒரே நாளில் ஐந்து சபா ஏறி இறங்கினேன். ராத்திரி அறைக்கு வந்து படுத்தபோது யார் என்ன பாடினார்கள் என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆட்டோ, வரிசை, டிக்கெட், மறுபடி ஆட்டோ, இதுதான் மனதில் நின்றது. ஒரு முக்கியமான கச்சேரி இரண்டரை மணி நேரம் போகும். அதைக் கேட்டு முடித்த காதுக்கு ஒரு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில்தான் சாப்பாடும் காபியும் வருகின்றன.

சரி, தங்கும் இடம். மயிலாப்பூர், இல்லையென்றால் ராயப்பேட்டை, ஆழ்வார்பேட்டை. இதைத் தாண்டி விலை குறைவு என்று தூரத்தில் அறை போடாதீர்கள். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையிலேயே இருக்கின்றன. ரசிக ரஞ்சனி சபா, பாரதிய வித்யா பவன் இரண்டும் கபாலீஸ்வரர் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள், மத்தியானம் ஒரு மணி நேரம் அவர் படுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் அறைக்குத் திரும்ப முடிந்தால்தான் அது நடக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் இதே பகுதியில்தான் அறை தேடுவார்கள், அதனால் அக்டோபரிலேயே போட்டுவிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, அதுவும் அக்டோபர் வேலைதான். வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்ட்ரல். எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் திருமயிலையில் இறங்கலாம். படி ஏறி இறங்க வேண்டும் என்பதால் அப்பாவுக்கு முட்டிவலி இருந்தால் ஆட்டோதான். மெட்ரோ வேலை நடக்கிற வரை லஸ் பக்கம் வண்டிகள் சுற்றித்தான் போகும், எங்கே போவதானாலும் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சபா விஷயம். மாலைக் கச்சேரிக்குப் பெரிய பெயர்கள், டிக்கெட் உண்டு. பகல் 12 மணி, 2 மணிக் கச்சேரிகள் பெரும்பாலான சபாக்களில் இலவசம், இளம் கலைஞர்கள் பாடுவார்கள். புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது: சனிக்கிழமை முதல் கச்சேரி பகல் கச்சேரியாக இருக்கட்டும். கூட்டம் இருக்காது, முன் வரிசையில் உட்காரலாம், வயலின் வில் போகிற போக்கு கண்ணுக்குத் தெரியும். நான் ஒரு முறை 2 மணிக் கச்சேரியில் உட்கார்ந்தபோது அரங்கில் இருபது பேர்கூட இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இதோ, சுண்டு விரலிலிருந்து எண்ணுங்கோ" என்று மெதுவாகக் காட்டிக் கொடுத்தார். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. ஆதி தாளம் அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது. அதன் பிறகு கேட்ட ஒவ்வொரு கச்சேரியும் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்கும் இந்த ஒன்று போதும். ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை.

ஒரு வேண்டுகோள். கச்சேரியின் பிரதான உருப்படி, அதாவது நீளமாகப் பாடும் முக்கியப் பாட்டு, முடிகிற இடத்தில் பாடகர் நிறுத்திவிட்டு மிருதங்கக்காரருக்கு விடுவார். அதுதான் தனி ஆவர்த்தனம். அந்த நேரம் பார்த்துப் பாதி அரங்கு எழுந்து கேன்டீனுக்குப் போகும். நீங்கள் போகாதீர்கள். மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றிக் கேள்வி பதிலாக வாசித்து, கடைசியில் இரண்டும் சேர்ந்து ஒரு கோர்வையில் (கணக்குப் போட்டுக் கட்டிய முடிவு) வந்து சரியாகப் பாட்டின் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், விழும் இடம் இருக்கிறதே, தாளம் மட்டும் எண்ணத் தெரிந்தவருக்கு அதைப் போலச் சந்தோஷம் வேறில்லை. எத்தனை வருடம் சாதகம் செய்து அந்தக் கலைஞர் மேடைக்கு வந்திருக்கிறார். முதுகைப் பார்த்து வாசிக்க வைக்கலாமா? காபி பத்து நிமிடம் கழித்தும் சூடாகத்தான் கிடைக்கும்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். கேன்டீனில் சாப்பிடக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை, யாரும் போகலாம். மத்தியானம் இலைச் சாப்பாடு. பன்னிரண்டரை மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடும், பதினொன்றரைக்கே டோக்கன் வாங்கிவிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு 2 மணிக் கச்சேரியில் உட்கார்ந்தால் தூக்கம் நிச்சயம். அதனால் இலைச் சாப்பாட்டு நாளில் சாப்பாடு, அறையில் ஓய்வு, நேரே மாலைக் கச்சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் கச்சேரி கேட்கும் நாளில் டிபனோடு நிறுத்துங்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கீரை வடையோ வாழைப்பூ வடையோ எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு வரும். அடை அவியல் இருந்தால் விடாதீர்கள். காபியை டபராவில் ஒரு ஆற்று ஆற்றி, நுரை அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்றால் டோக்கன் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கேன்டீனிலேயே எல்லா வேளையும் சாப்பிட வேண்டாம். மயிலாப்பூரில் இருந்துகொண்டு அருண்டேல் தெருவில் ராயர் மெஸ்ஸுக்கு ஒரு காலையாவது போகாமல் எப்படி? சின்ன இடம், வெளியே நிற்க வேண்டியிருக்கும். இட்லி, பொங்கல், வடை, அந்தக் கெட்டிச் சட்னி. பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை, பெயருக்கு ஏற்றபடி ஒரு வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பஜ்ஜி வரும். மாட வீதிப் பக்கம் காளத்தி கடையில் ரோஸ் மில்க். வெயிலில் நடந்து வந்து குடித்தால் தொண்டை முழுக்க ரோஜா மணக்கும். மாலையில் பாடல்களை ரசிக்கப் போகிறீர்கள், ஐஸ் போட்டதை அதிகம் குடித்துத் தொண்டை கட்டிக்கொள்ளாதீர்கள். சபாக்களில் ஏசி குளிரும். அப்பாவுக்கு ஒரு சால்வை கட்டாயம். டிசம்பரில் மழையும் சட்டென்று வரும், குடை எடுத்து வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஒரு காரியம் செய்யுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து குளித்துவிட்டுக் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிக்குப் போங்கள். திருவெம்பாவையும் திருப்பாவையும் பாடிக்கொண்டு பஜனைக் கோஷ்டி வரும். பாபநாசம் சிவன் மயிலாப்பூரில் இருந்த காலத்தில் இதே வீதிகளில் மார்கழி பஜனை நடத்தியவர். கபாலி மீதும் கற்பகாம்பாள் மீதும் அவர் எழுதிய தமிழ்க் கீர்த்தனைகளை அதற்கு முந்தின நாள் மாலை எங்காவது மேடையில் கேட்டிருந்தீர்கள் என்றால், கோயில் வாசலில் நிற்கும்போது அந்த வரி தானாக நினைவுக்கு வரும். டிக்கெட் இல்லை, நாற்காலி இல்லை, பனியில் நின்று கேட்கிற பாட்டு. வாசல்களில் கோலம், நடுவே பூசணிப்பூ. அப்பாவுக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எந்த வாரம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அகாடமி விழா டிசம்பர் 15-இல் தொடங்கி ஜனவரி 1 வரை. டிசம்பர் 15-க்கு அடுத்து வரும் சனி, ஞாயிறுதான் என் தேர்வு. கிறிஸ்துமஸ் விடுமுறை ஆரம்பித்துவிட்டால் அறை, ரயில், டிக்கெட் மூன்றும் சிரமம். நவம்பரில் கச்சேரிப் பட்டியல்கள் வெளிவரும்போது நான்கைந்து பெயர்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு கடைசிக் கச்சேரி 4 மணியுடையதாக இருக்கட்டும். அது முடிந்து இரவு டிபன் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கே சென்ட்ரல் கிளம்பிவிடுங்கள், சேரன் இரவு பத்து மணி வாக்கில் புறப்படும். போய் வந்து எந்தக் கச்சேரி கேட்டீர்கள் என்று எழுதுங்கள், அப்பா என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.