67-ஆ, 80-ஆ?

நேயர்களுக்கு வணக்கம்.

2020 அக்டோபர் 20, பிற்பகல். மான்செஸ்டரில் பிரிட்ஜ்வாட்டர் ஹால் வாசலில், பெருநகர மேயர் ஆண்டி பர்னம் நிருபர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். கொரோனா கட்டுப்பாட்டுக்கான உதவித்தொகை பற்றி லண்டனிலுள்ள அரசோடு நடத்திய பேச்சு முறிந்துவிட்டது என்று விளக்கும்போதே, பக்கத்தில் நின்றவர் கைபேசியை நீட்டுகிறார். அரசு தருவதாகச் சொல்வது 22 மில்லியன் பவுண்டுதான் என்று அதில் வந்த செய்தி சொல்கிறது. கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்க, மேயருக்கே விஷயம் அப்போதுதான் தெரியவருகிறது.

இந்தக் காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருந்த கணக்கைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்த மாதம் 12-ஆம் தேதி, அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் கொரோனா கட்டுப்பாடுகளுக்காக இங்கிலாந்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். மூன்றாவதுதான் மிகக் கடுமையானது. மூன்றாம் அடுக்கில் விழும் ஊரில், முழுச் சாப்பாடு பரிமாறாத பப்புகளும் பந்தயக் கடைகளும் சூதாட்ட விடுதிகளும் மூட வேண்டும். முதலில் போனது லிவர்பூல், அடுத்தது லங்காஷயர். தலைக்கு ஏறக்குறைய 8 பவுண்டு வீதம் பரிசோதனைக்கும் தொற்றாளரோடு பழகியவர்களைக் கண்டறிவதற்கும், அதற்கு மேல் இரண்டு வட்டாரமும் தலா 30 மில்லியன் வணிக உதவிக்கும் பெற்றுக்கொண்டு சம்மதித்தார்கள். மேயருக்குக் கைபேசியில் வந்த 22 மில்லியனும் அதே தலைக்கு 8 கணக்குத்தான். மான்செஸ்டர் பெருநகரத்தின் மக்கள்தொகை 28 லட்சம்.

வணிக உதவியில்தான் இழுபறி. மேயர் தரப்பு 90 மில்லியனில் தொடங்கி, 75-க்கு இறங்கி, 65-இல் நின்றது. அரசு 60-க்கு மேல் ஏறவில்லை. வெறும் ஐந்து மில்லியனுக்காகவா இத்தனை அமளி என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். கேள்வியே தப்பு என்பேன்.

சண்டையின் வேர் 80, 67 என்ற இரண்டு எண்களில் இருக்கிறது. வசந்தகாலத்தில் நாடு முழுவதும் மூடியபோது, வேலையில்லாமல் வீட்டிலிருப்பவர் சம்பளத்துக்கு அரசு உதவும் ஃபர்லோ திட்டத்தில் ஊழியருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைத்தது. அக்டோபரோடு அது முடிந்து, நவம்பர் முதல் மூடப்படும் இடங்களுக்கு 67 சதவீதம் என்றது நிதியமைச்சகம். அப்போது குறைந்தபட்சக் கூலி, 25 வயது நிரம்பியவர்களுக்கு, மணிக்கு 8.72 பவுண்டு. வாரம் 40 மணி நேரம் பப்பில் வேலை செய்பவருக்கு ஏறக்குறைய 349 பவுண்டு. அதில் 80 சதவீதம் 279. மூன்றில் இரண்டு பங்கு 233. வாரத்துக்கு 46 பவுண்டு துண்டு விழும். சம்பளத்தைக் குறைக்கலாம், வீட்டு வாடகை குறையுமா? குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் சேர்ந்தால் பள்ளம் நிரம்பிவிடும் என்றது அரசு. அதற்குப் புதிதாக விண்ணப்பித்தால் முதல் பணம் வரவே ஐந்து வாரம் ஆகும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை.

அரசின் வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சத்தம் போடாமல் ஒத்துக்கொண்ட லிவர்பூலுக்கு ஓர் அளவு, மல்லுக்கு நின்ற மான்செஸ்டருக்கு வேறு அளவு என்றால், அடுத்து வரும் ஒவ்வோர் ஊரும் மல்லுக்குத்தான் நிற்கும். மேயரும் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான். ஆனால் இது வெறும் கட்சிச் சண்டையும் இல்லை. மேயர் லேபர் கட்சிக்காரர். அந்த வட்டாரத்தில் அன்றைய ஆளுங்கட்சியான கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் சிலரே மூன்றாம் அடுக்கு வேண்டாம் என்றார்கள். ஜூலை கடைசியில் இரவு நேரத்தில் ஒரு ட்விட்டர் பதிவு மூலம் கட்டுப்பாடு வந்து, அதிலிருந்தே அடுத்த வீட்டுக்குள் போக முடியாமல் கிடந்த ஊர் அது.

சட்டப்படி பார்த்தால் மேயரின் சம்மதமே தேவையில்லை. 1984-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அமைச்சர் கையெழுத்துப் போட்டால் போதும். கடைசியில் அப்படித்தான் நடந்தது, 23-ஆம் தேதி முதல் மூடினார்கள். 60 மில்லியனும் பறிபோகவில்லை. நகராட்சிகளுக்குத் தருவோம் என்று, பேச்சு முறிந்த மறுநாளே நாடாளுமன்றத்தில் பிரதமர் சொன்னார். உத்தரவிடும் அதிகாரம் லண்டனில். வேலை போனவர் வந்து தட்டும் கதவோ நகராட்சியுடையது. அந்த நகராட்சி அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்க முடியாது, ஆண்டு வரவும் செலவும் நேராக வேண்டும் என்பதும் சட்டம்தான்.

பேச்சு முறிந்து சரியாகப் பதினோரு நாள் கழித்து, அக்டோபர் 31 சனிக்கிழமை மாலை, ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றினார். நவம்பர் 5 முதல் இங்கிலாந்து முழுவதும், லண்டனும் சேர்த்து, மூடப்படும். ஃபர்லோ அன்றிரவோடு முடிய வேண்டியது, அது நீட்டிக்கப்படுகிறது. எத்தனை சதவீதம்? 80.

67 சதவீதத் திட்டம் நடைமுறைக்கே வரவில்லை. வடக்கு மட்டும் மூடியபோது இல்லாத பணம், தெற்கும் சேர்ந்து மூடியதும் எங்கிருந்து வந்தது என்று மான்செஸ்டர்க்காரர்கள் கேட்டார்கள். 2021 மே மாதம் மேயர் தேர்தல் வந்தது. முதல் சுற்றிலேயே பர்னம் ஜெயித்தார். அவருக்கு விழுந்த வாக்கு 67 சதவீதம்.

வணக்கம்.