வழி தவறினால் நடக்காதீர்கள்: புளூ மவுண்டன்ஸில் ஆளைத் தேடுவது எப்படி?

[திரையில்: செங்குத்தான மணற்கல் பாறைச்சுவர்கள். கீழே, நீலப் புகை படர்ந்த யூகலிப்டஸ் காடு.]

ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து மேற்கே ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் கட்டூம்பா, புளூ மவுண்டன்ஸ் மலைமேல் இருக்கும் ஊர். சிட்னியின் வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதலில் கூட்டிப் போகும் இடங்களில் இதுவும் ஒன்று. புளியோதரைப் பொட்டலம், 'த்ரீ சிஸ்டர்ஸ்' பாறை முன்னால் ஒரு போட்டோ, ஒரு காபி. எல்லாம் கைப்பிடிக் கம்பிக்கு இந்தப் பக்கம்.

கம்பிக்கு அந்தப் பக்கம் கீழே இறங்குகிறவர்களைப் பற்றித்தான் இந்த வீடியோ.

நம் ஊர் மலை என்றால் முதலில் ஏறுவோம், களைத்த பிறகு இறங்குவோம். பழனியோ வெள்ளியங்கிரியோ, கணக்கு ஒன்றுதான். புளூ மவுண்டன்ஸ் தலைகீழ். ஊர் உச்சியில் இருக்கிறது, கட்டூம்பா சுமார் 1000 மீட்டர் உயரம். காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கம், சாயங்காலம் கால் தளர்ந்து தண்ணீர் பாட்டில் காலியான பிறகு ஏற்றம். அதுவும் நினைத்த இடத்தில் ஏற முடியாது. அந்தப் பாறைச்சுவரில் மேலே வர வழி இருப்பது சில இடங்களில் மட்டும். அதைத் தவறவிட்டவருக்கு, ராத்திரி ஊர் விளக்குகள் தலைக்கு மேலே தெரியலாம். போய்ச் சேர முடியாது.

சரி, எப்படி வழி தவறுகிறது? பெரிய சாகசமெல்லாம் தேவையில்லை. பாதையின் குறுக்கே ஒரு மரம் விழுந்திருக்கும். சுற்றிக்கொண்டு போவோம். அந்தப் பக்கம் வாலபி, அதாவது சின்னக் கங்காரு, நடந்து நடந்து விழுந்த தடம் ஒன்று, அசல் பாதை மாதிரியே. பத்து நிமிடம் கழித்து அது புதருக்குள் காணாமல் போகும். திரும்பிப் பார்த்தால் எல்லா மரமும் ஒரே மரம்.

இந்த இடத்தில் நம் மூளை சொல்லும் முதல் யோசனை, 'நட, வந்துவிடும்.' இரண்டாவது யோசனை, 'ஓடையோடு போ, ஊர் வரும்.'

இரண்டாவதை முதலில் பார்ப்போம். ஆற்றங்கரையில் ஊர் இருக்கும் என்பது காவிரிக்குச் சரி. கட்டூம்பாவுக்குக் கீழே ஜேமிசன் பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீர் கெடும்பா ஆற்றில் சேர்ந்து, பிறகு காக்ஸ் ஆறாகி, பரகராங் ஏரிக்குப் போகிறது. சிட்னியின் குடிநீரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது, அதனாலேயே ஏரியைச் சுற்றிப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதாவது ஓடையை நம்பிப் போனால், மனிதர்களே இல்லாத திசைக்குப் போகிறீர்கள். நடுவில் அருவிகளும், ஆள் நுழையத் திணறும் பாறை இடுக்குகளும் வேறு.

அடுத்து, 'நட, வந்துவிடும்.' ஜெர்மனியில் டூபிங்கன் நகர மேக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஆட்களை ஒரு காட்டுக்குள்ளும் சஹாரா பாலைவனத்திலும் விட்டு நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடியதும் காட்டில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள், தங்கள் தடத்தையே வெட்டிக்கொண்டு போனார்கள், அது தெரியாமலே. கண்ணைக் கட்டி விட்டபோது சிலர் 20 மீட்டர் அகலத்துக்குள்ளேயே சுற்றினார்கள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்ற பழைய விளக்கமும் எடுபடவில்லை. ஒரே ஆள் இடப்பக்கமும் சுற்றினார், வலப்பக்கமும் சுற்றினார்.

[திரையில்: வரைபடத்தில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி விரியும் வட்டங்கள்.]

இப்போது தேடுகிறவர் பக்கம் வாருங்கள். போலீஸ் கையில் இருப்பது ஒரு புள்ளி, நீங்கள் கடைசியாக எங்கே இருந்தீர்கள் என்பது. அங்கிருந்து மணிக்கு 2 கிலோமீட்டர்தான் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், புதருக்குள் அதுவே அதிகம். ஒரு மணி நேரத்தில் தேட வேண்டிய பரப்பு ஏறக்குறைய 13 சதுர கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் 50. நான்கு மணி நேரத்தில் 200. நேரம் இரண்டு மடங்கானால் காடு நான்கு மடங்காகிறது! பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரப்பளவை மனப்பாடம் செய்தபோது இது எதற்கு உதவும் என்று கேட்டோமே, இதற்குத்தான்.

2024 டிசம்பர் கடைசியில் இதே மாநிலத்தின் தெற்கே உள்ள கொசியஸ்கோ தேசியப் பூங்காவில் நண்பர்களோடு போன ஓர் இளைஞர் தனியே பிரிந்து காணாமல் போனார். 300 பேருக்கு மேல் தேடினார்கள். கைத்தடி கிடைத்தது, அவர் மூட்டிய நெருப்பின் அடையாளம் கிடைத்தது, கேமரா கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை, அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். பதின்மூன்று நாள் கழித்து, வழியில் வந்த நடைபயணிகளை அவரே கூப்பிட்டு உயிர் பிழைத்தார். குடிக்க ஓடைத் தண்ணீர் இருந்தது, ஒரு குடிசையில் யாரோ விட்டுப்போன இரண்டு மியூஸ்லி பார் கிடைத்தது. டிசம்பர், ஜனவரி இங்கே கோடைக்காலம், அதுவும் அதிர்ஷ்டம்தான்.

தேடுதல் என்றதும் ஹெலிகாப்டர்தான் கண்ணுக்கு வரும். உண்மையில் அது கேள்விகளில் தொடங்குகிறது. கார் எங்கே நிற்கிறது? என்ன நிறச் சட்டை? என்ன ஷூ, அடிப்பாகம் எப்படி? பயந்த சுபாவமா, பிடிவாதக்காரரா? அப்புறம் பாதைகள் சேரும் இடங்களில் ஆள் நிறுத்துவார்கள், நீங்கள் அந்த வட்டத்தை விட்டு வெளியே நழுவாமல் இருக்க. வேகமாக நடக்கிற சிறு குழுக்கள் பாதைகளையும் ஓடைகளையும் பார்க்கும். வரிசையாக நின்று புதரை அலசுவது கடைசியில்தான், அதற்கு ஆளும் நேரமும் தண்ணியாகச் செலவாகும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1936 முதல் இதற்கென்றே புஷ்வாக்கிங், அதாவது காட்டு நடை, தன்னார்வலர்களின் குழு ஒன்று இருக்கிறது.

அவர்கள் குரல் கொடுப்பார்கள், பிறகு சத்தமே இல்லாமல் நின்று கேட்பார்கள். பழைய ஆஸ்திரேலியக் குரல், 'கூ... ஈ!' கடைசி எழுத்தை உயர இழுக்க வேண்டும். சிட்னி பகுதியின் பூர்வகுடிகளான தாரக் மக்களின் சொல் அது. நம் 'கூவு'-க்கும் அதற்கும் உறவு கிடையாது, ஆனாலும் கேட்கும்போது அப்படித் தோன்றாமல் இருப்பதில்லை. தொண்டை வறண்டவரால் கத்த முடியாது, ஒரு விசில் பையில் இருந்தால் நல்லது. மும்மூன்று ஊதலாக.

தேடுதலில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது 1864 ஆகஸ்டை. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் ஹார்ஷம் பக்கம் மூன்று குழந்தைகள், ஒன்பது வயது, ஏழு வயது, நான்குகூட நிறையாத ஒன்று, துடைப்பச் செடி பறிக்கப் போய் வழி தவறினார்கள். நடந்தார்கள், தினமும் நடந்தார்கள். குடியேறிகள் நாள் கணக்கில் தேடினார்கள். நடுவே மழை பெய்து தடம் அழிந்தது. கடைசியில் பூர்வகுடித் தடம் பார்ப்பவர்கள் மூவரை அழைத்துவந்தார்கள். வெள்ளைக்காரர் கண்ணுக்கு வெறும் மண்ணாகத் தெரிந்ததில், இங்கே சின்னவன் களைத்துவிட்டான், இங்கிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று வாசித்துச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் மூவரும் உயிரோடு கிடைத்தார்கள். ராத்திரிக் குளிரில் தம்பிக்குத் தன் கவுனைப் போர்த்திய அந்தச் சிறுமி நாடெங்கும் புகழ் பெற்றாள். தடம் பார்த்தவர்களில் ஒருவர், வெள்ளைக்காரர்கள் 'டிக்-அ-டிக்' என்று அழைத்தவர், 1868-இல் இங்கிலாந்து போன பூர்வகுடி கிரிக்கெட் அணியில் விளையாடினார். அது இன்னொரு வீடியோவுக்கான கதை.

'இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே' என்பீர்கள். 2006 டிசம்பரில் இதே புளூ மவுண்டன்ஸில் மவுண்ட் சாலிட்டரி பக்கம் 17 வயது பள்ளி மாணவன் ஒருவன் நண்பர்களைப் பிரிந்து, தண்ணீர் இல்லாமல், அவசர எண் 000-ஐப் பலமுறை கூப்பிட்டான். லைன் கிடைத்தது. மறுமுனையில் தெருப் பெயரைக் கேட்டார்கள். காட்டில் ஏது தெரு? ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து உடல்தான் கிடைத்தது. 2009 விசாரணையில் மரண விசாரணை அதிகாரி அந்த அழைப்புகளைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். இன்று ஆஸ்திரேலியாவில் 000-ஐ அழைத்தால் பெரும்பாலான ஸ்மார்ட்போன்கள் இருப்பிடத்தைத் தாமே அனுப்பிவிடுகின்றன. ஆனால் சிக்னல் வேண்டும், பள்ளத்தாக்கில் அது அரிது.

அதனால்தான் இந்தச் சின்னப் பெட்டி.

[திரையில்: உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் பீக்கன்.]

பிஎல்பி என்பார்கள், பெர்சனல் லொகேட்டர் பீக்கன், ஆள் இருக்கும் இடத்தைச் சொல்லும் அவசரக் கருவி. ஆன்டெனாவை விரித்து பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சேதி போகும், அங்கிருந்து கான்பராவில் உள்ள மீட்பு மையத்துக்கு. அழுத்திய பிறகு வேலை ஒன்றுதான்: அங்கேயே இருப்பது. வானம் தெரியும் இடமாக, நிறமான துணி எதையாவது விரித்து.

இதை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, கட்டூம்பா போலீஸ் நிலையத்தில் இலவசமாகக் கடன் தருகிறார்கள். போகும் வழி, ஆட்கள், திரும்பும் நேரம் எல்லாம் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உங்களைத் தேடி, ராத்திரி பத்து மணிக்கு யாராவது டார்ச்சோடு பள்ளத்தாக்கில் இறங்க வேண்டியிருக்கும்.