சந்தா கட்டியவள் சும்மா இருக்கமாட்டாள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருந்து இப்போதே என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அக்காமாருக்கும், பத்திரகாளி அம்மனைக் கும்பிட்ட கையோடு மண்டபத்துக்கு வந்துவிட்ட திருகோணமலைப் பெருமக்களுக்கும் வணக்கம்.

"நூறு ஆண்டுகளுக்கு முன் உழைக்கும் பெண்களுக்காக எழுந்த கழகங்களும் வாசிகசாலைகளும் அவர்களை நிமிர்த்தினவா, பணிய வைத்தனவா?" இதுதான் தலைப்பு. நிமிர்த்தின என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அக்கா என்ன சொன்னார்? "பணக்கார அம்மாமார் தங்கள் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தக் கட்டிய இடங்கள் அவை. தையலும் பணிவும் சொல்லிக்கொடுத்து, கூலி கேட்கிற வாயை அடைத்தார்கள்" என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். அதில் பாதி உண்மை. 1884இல் நியூயோர்க்கில் பட்டு ஆலைப் பெண்களைக் கூட்டிக் கழகம் தொடங்கிய கிரேஸ் டாட்ஜ், பெரிய வணிகக் குடும்பத்துப் பிள்ளைதான். பொழுது விடிந்தால் வேலை தேட வேண்டிய நிலை அவருக்கு இல்லை. ஆனால் அக்கா மற்றப் பாதியைச் சொல்லவில்லை. அந்தக் கழகங்களின் விதி என்ன தெரியுமா? உறுப்பினரே சந்தா கட்ட வேண்டும், உறுப்பினரே நிர்வாகம் செய்ய வேண்டும்.

நடுவர் ஐயா, நம்மூர் மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். பொருளாளர் அந்த நீலமட்டைக் கொப்பியைத் திறப்பார். "போன மாத மிச்சம் எங்கே?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வரும். வீட்டில் வாயே திறக்காத மனுஷி அது! தன் காசு போன இடத்தைக் கேட்கப் பழகியவள், அடுத்ததாகத் தன் கூலி போன இடத்தைக் கேட்பாள். பணிவு பழக்குகிறவர்கள் கணக்குக் கொப்பியைக் கையில் கொடுப்பார்களா?

சரி, சிக்காகோவுக்கு வருவோம். 1890களின் தொடக்கம். சப்பாத்துத் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் நிற்கிறார்கள். முதலில் தளர்ந்து உள்ளே போனவர்கள் யார்? கோழைகளா? இல்லை. வாடகை அறையில் இருந்தவர்கள். இந்தக் கிழமைக் காசு கட்டாவிட்டால் வீட்டுக்காரி பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவாள் என்று பயந்தவர்கள். வேலைநிறுத்தக்காரர் கூடிப் பேசிய ஒரு கூட்டத்திலேதான் ஒரு பெண், "நமக்கென்று தங்குகிற கழகம் ஒன்று இருந்தால் இப்படியான நேரத்தில் ஒருவருக்கொருவர் நிற்கலாமே" என்ற கருத்துப்படக் கேட்டாள். ஜேன் ஆடம்ஸ் உழைக்கும் மக்களுக்காக நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூகசேவை இல்லம் கைகொடுக்க, ஜேன் கழகம் பிறந்தது. வாரப் பணத்தைப் பெண்களே கட்டி, வீட்டை அவர்களே நடத்தினார்கள். அந்தக் கழகத்தைக் கேட்டு வாங்கியது வேலைநிறுத்தம் செய்த வாய், ஐயா. எதிரணி அதைத்தான் "வாயை அடைத்த இடம்" என்கிறது.

வாசிகசாலைக்கு வருகிறேன். "பன்னிரண்டு மணிநேரம் நின்று உழைத்தவளுக்குப் புத்தகம் எதற்கு? தூக்கம்தான் வரும்" என்று எதிரணித் தங்கச்சி கேலி செய்தார். தங்கச்சி, கிளாரா லெம்லிச் என்று ஒருத்தி இருந்தாள். உக்ரைனில் இருந்து நியூயோர்க்குக்கு வந்து சட்டை தைத்த பெண். நாள் முழுக்கத் தைத்துவிட்டு, ஒரு கோப்பைப் பாலோடு நேரே பொது நூலகத்துக்குப் போய் வாசிப்பாள். 1909 நவம்பர் 22ஆம் திகதி கூப்பர் யூனியன் மண்டபத்தில் பெரிய தலைவர்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பட்டிமன்றம் போலத்தான், முடிவே வரவில்லை. இவள் எழுந்தாள், மேடைக்கு ஏறினாள், தன் தாய்மொழியில், அதாவது யூதர் பேசும் இத்திஷில், "பேச்சுப் போதும், பொது வேலைநிறுத்தம் செய்வோம்" என்றாள். 20,000க்கும் மேற்பட்ட சட்டை தைக்கும் தொழிலாளர் வெளியே வந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். அவளுக்கும் தூக்கம் வந்திருக்கும். வாசித்துவிட்டுத் தூங்கினாள், அவ்வளவுதான்.

ஐயா மணியைப் பார்க்கிறார். அவசரப்படாதீர்கள் ஐயா, என் பெரிய சாட்சி இனித்தான் வருகிறது.

இங்கிலாந்தில் கிரேட்லி ஹீத் என்றொரு ஊர். சங்கிலி அடிக்கும் ஊர். துறைமுகத்துக்காரர் நமக்குச் சங்கிலியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நங்கூரச் சங்கிலி அங்கே ஆண்கள் வேலை. பெண்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த சின்னப் பட்டறையில், உலைக்குப் பக்கத்தில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, சம்மட்டியால் சிறிய சங்கிலி அடித்தார்கள். கிழமைக்கு ஐம்பது மணிநேரத்துக்கு மேல் அடித்தாலும் ஐந்து சில்லிங் அளவில்தான் கையில் நிற்கும். 1910இல் சட்டப்படி மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று குறைந்தபட்சக் கூலி வந்தது. ஏறக்குறைய இரட்டிப்பு! முதலாளிமார் என்ன செய்தார்கள்? ஒரு தாளை நீட்டினார்கள். "ஆறு மாதத்துக்குப் பழைய கூலியே எனக்குச் சம்மதம்" என்பது அதில் இருந்த விஷயம். பலருக்கு வாசிக்கத் தெரியாது. புள்ளடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். சட்டம் கொடுத்த கூலியை ஒரு தாள் பறித்தது. அந்தத் தாளை வாசிக்க ஒருத்தி பக்கத்தில் இருந்திருந்தால்? புத்தகமும் கூட்டமும் பணக்காரரின் பொழுதுபோக்கு என்று இதற்குப் பிறகும் யாராவது சொல்வார்களா?

மேரி மக்ஆர்தர் வந்தார். 1906இல் தேசிய பெண் தொழிலாளர் கூட்டமைப்பைத் தொடங்கியவர். பத்துக் கிழமை வேலைநிறுத்தம். நாடு முழுவதும் இருந்து நன்கொடை குவிந்தது. முதலாளிமார் ஒவ்வொருவராக இறங்கி வந்து புதிய கூலிக்கு ஒப்புக்கொண்டார்கள். வென்ற பிறகும் நிதியில் பணம் மிச்சம். அந்த மிச்சத்தில் தொழிலாளர் மன்றம் என்று ஒரு கட்டடம் கட்டினார்கள். கூட்டத்துக்கும் படிப்புக்கும் ஒரு பொது இடம். 1912இல் திறந்தார்கள். பிற்காலத்தில் அந்த இடத்தில் அது நிற்கமுடியாமல் போனபோது, கல் கல்லாகக் கழற்றி அருங்காட்சியகம் ஒன்றில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. இங்கிலாந்துப் பெண்கள் கூட்டுறவுக் கழகம். பெரும்பாலும் தொழிலாளர் வீட்டு மனைவிமார். 1911 காப்புறுதிச் சட்டத்தில் பிரசவத்துக்கு 30 சில்லிங் சேர்க்கப் போராடியவர்கள் இவர்கள். பணம் வந்தது, ஆனால் புருஷன் கைக்குப் போனது. விட்டார்களா? 1913இல் அந்தப் பணம் தாய்க்கே உரியது என்று சட்டத்தைத் திருத்தவைத்தார்கள். (முன்வரிசை ஆண்கள் இந்த இடத்தில் கைதட்டவில்லை, கவனித்தேன்.)

லண்டனில் எம்மா பாட்டர்சன் 1874இல் தொடங்கிய பெண் தொழிலாளர் சங்கத்தில் நூலகமும் சேமிப்பு வங்கியும் மட்டுமல்ல, நீச்சல் கழகமும் இருந்தது. இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமை. மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊரில் நம் பெண்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

"அதெல்லாம் வெள்ளைக்காரர் கதை" என்று அடுத்தவர் சொல்லக்கூடும். முந்திக்கொள்கிறேன். கனடாவில் இருந்து வந்து தமிழரைக் கைப்பிடித்த மருத்துவர் மேரி இரத்தினம், 1909இல் தமிழ்ப் பெண்கள் சங்கம் உருவாக உழைத்தவர். 1930இல் லங்கா மஹிலா சமிதியைத் தொடங்கி கிராமத்துப் பெண்களைக் கூட்டியவரும் அவரே. நம் ஊரில் தங்கம்மா சண்முகம்பிள்ளை 1923இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். அங்கே படித்த அம்மம்மாமாரின் பேத்திகள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். பணிந்தா இருக்கிறீர்கள்?

மணி அடித்துவிட்டது. ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு இறங்குகிறேன், அடுத்த எதிரணிப் பேச்சாளர் பதில் சொல்லட்டும். கிரேட்லி ஹீத்தில் மிஞ்சியது அந்தப் பெண்கள் பட்டினி கிடந்து வென்ற போராட்டத்தின் பணம். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். கழகம் பணிய வைக்கிற இடம் என்றால், அந்தக் காசில் ஏன் ஒரு கழகத்தைக் கட்டினார்கள்?

நன்றி, வணக்கம்.