பிட்டு எழுதற கைக்குப் பின்னால என்ன இருக்குது?

வணக்கமுங்க. அரையாண்டுப் பரிட்சை வந்திருச்சு. ஈரோடு, நாமக்கல், திருப்பூர்ப் பக்கத்து வாத்தியாருங்களும் டீச்சருங்களும், புள்ளைங்களப் பெத்தவங்களும் இதக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. பையன் பிட்டோட மாட்டுனா நம்ம வாயில மொதல்ல வர்றது, "இவன் புத்தியே இப்படித்தான்". அது தப்புங்க.

ஹார்ட்ஷோர்ன், மேங்கற ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க அமெரிக்காவுல சுமார் 11,000 பள்ளிப் புள்ளைங்கள ஆராஞ்சு, 1928-லயே எழுதி வெச்சிருக்காங்க. ஒரு எடத்துல ஏமாத்துற புள்ளை இன்னொரு எடத்துலயும் ஏமாத்தும்னு உறுதியாச் சொல்ல முடியலீங்க. சூழ்நிலை மாறுனா நடத்தையும் மாறுது.

காப்பி அடிக்கறதுல ரெண்டு வகை இருக்குது, இதப் பிரிச்சுப் பாக்கோணும். ஒண்ணு, ராத்திரியே முடிவு பண்றது. மைக்ரோ ஜெராக்ஸ் தெரியுமில்லீங்க? ஒரு பக்கத்தத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, விசிறி மாதிரி மடிச்சு, முழுக்கைச் சட்டையோட மடிப்புக்குள்ள சொருகிக்குவாங்க. அந்தப் பையனுக்குப் பாடம் ஏறல, கேக்கவும் பயம், ஆனா மார்க் வந்தே ஆகோணும்.

இன்னொண்ணு ஹால்லயே நடக்கறது. ஒரு மார்க் கேள்வியெல்லாம் கடகடன்னு போயிரும். அஞ்சு மார்க் கணக்குல ரெண்டாவது வரியில நின்னுபோகும், மணி பாத்தா இருவது நிமிசந்தான் பாக்கி. நெஞ்சு படபடன்னு அடிக்கறப்போ தெரிஞ்சதும் ஞாபகத்துக்கு வராதுங்க, பயமே மூளையில பாதி எடத்தப் புடிச்சுக்கும். கண்ணு தன்னால பக்கத்துப் பேப்பருக்குப் போகும். சரியான விடை ஒண்ணா இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ரெண்டு பேப்பர்லயும் அதே வரியில மைனஸ் ப்ளஸ்ஸா மாறியிருந்தா வாத்தியாரு கண்டுபுடிச்சிருவாரு. இந்தப் புள்ளைக்கு டியூசன் வேண்டாமுங்க. நின்னுபோன கணக்குக்கு அரைப்பக்கம் எடம் உட்டுட்டு அடுத்ததுக்குப் போற பழக்கம் போதும். அத வகுப்புலயே மணி வெச்சுப் பழக்குங்க.

அந்தப் பயம் எங்கிருந்து வருது? நோம்பிக்கு வர்ற ஒறம்பரை வாசப்படி ஏறுறப்பவே, "எத்தன மார்க் கண்ணு?"ங்கறாங்க. நம்ம கோபிக்காரரு செங்கோட்டையன் கல்வி அமைச்சரா இருந்தப்போ, 2017-ல, மாநில ரேங்க் அறிவிக்கறத நிறுத்துனாங்க. ஊட்டுக்குள்ள போடற ரேங்க் நிக்கலீங்க. இஞ்சினீயரிங் கட்ஆப் 200-ல கணக்குக்கு 100, பிசிக்சுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் 50, 50. பிசிக்சுல ஒரு மார்க் போனா கட்ஆப்புல அரை போச்சுன்னு புள்ளைக்கு நல்லாவே தெரியும்.

பாராட்டுறதும் சில சமயம் கெடுக்கும். சீனாவுல மூணு வயசு, அஞ்சு வயசுக் கொழந்தைங்கள வெச்சுச் செஞ்ச ஆராய்ச்சி 2017-ல வந்துது. மறைச்சு வெச்ச சீட்டுல இருக்கற நெம்பர் ஆறுக்கு மேலயா, கீழயான்னு யூகிக்கற விளையாட்டு. "நீ ரொம்பக் கெட்டிக்காரன்"னு பாராட்டுன கொழந்தைங்க, "இந்தத் தடவ நல்லாப் பண்ணுன"ன்னு பாராட்டுனவங்களவிட அதிகமாத் திருட்டுத்தனமாச் சீட்டப் பாத்துச்சுங்க. கெட்டிக்காரன்ங்கற பேரக் காப்பாத்தோணுமில்லீங்க.

மாட்டுன பொறவு என்ன சொல்லுவாங்க? "எல்லாருந்தான் அடிக்கறாங்க", "அந்தப் பாடத்த நடத்தவே இல்ல", "கூட்டாளி கேட்டான், காட்டாம எப்படி?" கடைசியாச் சொன்னது கெட்டியான சாக்குங்க, அதுல நட்பு இருக்குது. நாம நல்லவந்தான்னு மனசுக்கு நிரூபிக்கவே இந்தச் சாக்கெல்லாம். "நடத்தல"ன்னு ஒரு புள்ளை சொன்னா, மொதல்ல அது நெசமான்னு பாத்துருங்க.

வாத்தியாருங்களுக்கு ஒரு வழி சொல்றனுங்க. வகுப்புத் தேர்வுக்கு போஸ்ட்கார்டு அளவுல, 14-க்கு 9 சென்டிமீட்டர் அட்டை குடுத்து, பிட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க. மொதல் டெஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும், அடுத்ததுக்கு ஒரு பக்கம். மூணாவதுக்கு எழுதிட்டு வந்த அட்டைய வாசல்லயே வாங்கி வெச்சுக்குங்க. எத எழுதறது, எத உடறதுன்னு யோசிக்கறதுலயே பாதிப் பாடம் ஏறியிருக்கும். சொந்தக் கையெழுத்தா இருக்கோணும். நோட்ஸ் வரியப் பாத்து எழுதுனா பிரயோசனமே இல்ல. இந்த மார்க்க ரேங்க் கார்டுல ஏத்தாதீங்க, ஏத்துனா பழைய பயம் திரும்பி வந்துரும்.

கேள்வித்தாள் ரெண்டு செட்டுப் போடறப்போ கேள்வியோட வரிசைய மட்டும் மாத்துனா பத்தாதுங்க, புள்ளைங்க அஞ்சே நிமிசத்துல கண்டுபுடிச்சிருவாங்க. கணக்குக்குள்ள இருக்கற நெம்பர மாத்துங்க.

அப்பறமும் ஒருத்தன் மாட்டுனான்னா, பப்ளிக் எக்ஸாமுக்கு விதி தனி, நான் சொல்றது வகுப்புத் தேர்வுக்கு: சத்தம் போடாம பேப்பர வாங்கி, நின்ன எடத்துல ஒரு கோடு கிழிச்சு மணிய எழுதுங்க. புதுப் பேப்பர் குடுத்து எழுதச் சொல்லுங்க. மணி அடிச்ச பொறவு தனியாக் கூப்புட்டு, "ஏன் பண்ணுன?"ன்னு கேக்காதீங்க, தலையத்தான் குனிவான். "எப்பக் கண்ணு முடிவு பண்ணுன, ராத்திரியா, ஹால்லயா?"ன்னு கேளுங்க. ராத்திரின்னா அந்தப் பாடத்த மறுபடி நடத்தோணும், ஹால்லன்னா மணி வெச்சுப் பழக்கோணும்.