விகிதம்: வகுக்குறதுக்கு முன்னாடியே நடக்குற தப்பு

வணக்கம் மக்களே! மேசை மேல பாருங்க. 12 பென்சில், 8 பேனா. இதை விகிதமா எழுதுன்னு சொன்னதும் நிறைய பேர் நேரா சுருக்கத்தான் போவாங்க. ஆனா தப்பு பெரும்பாலும் சுருக்குறதுல நடக்காது. அதுக்கு முன்னாடி, எழுதும்போதே நடந்துரும். அதனால இன்னைக்கு அங்கதான் கொஞ்சம் அதிக நேரம் நிக்கப்போறோம்.

முதல்ல வரிசை. "பென்சிலுக்கும் பேனாவுக்கும் உள்ள விகிதம்"னு கேட்டா 12 : 8. "பேனாவுக்கும் பென்சிலுக்கும்"னு கேட்டா 8 : 12. கேள்வியில எது முன்னாடி வருதோ அதுதான் முதல் உறுப்பு. எண்ணை எழுதுறதுக்கு முன்னாடி, தாள்ல "பென்சில் : பேனா"னு பேரை எழுதிருங்க. அதுக்குக் கீழ எண்ணைப் போடுங்க. இது ஒண்ணு போதும், வரிசை மாறவே மாறாது.

இப்ப சுருக்கலாம். 12, 8 ரெண்டையும் மீதியில்லாம வகுக்குற பெரிய எண் 4. வகுத்தா 3 : 2. இதையே கையால செஞ்சு காட்டுறேன், கேமராவைக் கீழ இறக்குறேன் பாருங்க. 3 பென்சில், 2 பேனா, ஒரு குவியல். இன்னொரு 3, 2. இன்னொண்ணு. இன்னொண்ணு. மொத்தம் நாலு குவியல், எல்லாம் ஒரே மாதிரி, எதுவும் மிச்சமில்ல. நாம வகுத்த 4 இந்தக் குவியலோட எண்ணிக்கை. 3 : 2ங்கிறது ஒரு குவியலுக்குள்ள இருக்குறது.

சில பிள்ளைங்க ரெண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கழிச்சுருவாங்க. 12லயும் 8லயும் 7ஐக் கழிச்சு 5 : 1னு எழுதினா என்ன அர்த்தம்? பேனாவை விட பென்சில் அஞ்சு மடங்குன்னு ஆயிருது! பெருக்கலாம், வகுக்கலாம். கூட்டினாலோ கழிச்சாலோ விகிதம் மாறிரும்.

ஆனா கழித்தலுக்கு வேற ஒரு வேலை இருக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. 51 : 34 எடுத்துக்கோங்க. 2 ஆகாது, 3 ஆகாது, 5 ஆகாது. இதுக்கு மேல சுருங்காதுன்னு விட்டுருவோம். அவசரப்படாம 51ல இருந்து 34ஐக் கழிங்க, 17. ரெண்டு எண்ணுக்கும் பொதுக் காரணி இருந்தா, அது அந்த வித்தியாசத்தையும் வகுத்தே ஆகணும். அப்போ 1ஐ விட்டா 17 மட்டும்தான் வாய்ப்பு. வகுத்துப் பாருங்க, 3 : 2. அதே மாதிரி 91 : 65. வித்தியாசம் 26. அதோட காரணி 2, 13, 26. ரெண்டும் ஒற்றைப்படை எண், அதனால 2, 26 போச்சு. 13ஆல வகுத்தா 7 : 5.

மீப்பெரு பொதுக் காரணி, அதாவது ரெண்டு எண்ணையும் மீதியில்லாம வகுக்குற பெரிய எண், ஒரே தடவையில தெரியணும்னு கட்டாயம் இல்ல. 48 : 36 இருந்தா 24 : 18, அப்புறம் 12 : 9ன்னு பாதி பாதியா வரலாம். ஆனா 12 : 9ல நிறுத்திடாதீங்க. 9 ஒற்றைப்படைதான், அதுக்காக முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல. 3 இருக்கு, 4 : 3.

அடுத்தது அலகு. ஸ்கேல் நீளம் 30 சென்டிமீட்டர், மேசை 1.2 மீட்டர். அப்படியே 30 : 1.2ன்னு போட்டா 25 : 1 வரும். ஸ்கேல் மேசையை விட 25 மடங்கு நீளமாம்! மீட்டரை சென்டிமீட்டரா மாத்துங்க: 30 : 120, அதாவது 1 : 4. விடையில அலகு எழுதக்கூடாது. நேரத்துல இன்னும் கவனம் வேணும். ஒன்றரை மணி நேரம்னா 90 நிமிஷம், 130 இல்ல.

இன்னொரு குழி, பகுதியா முழுசான்னு பார்க்காம விடுறது. பென்சிலுக்கும் பேனாவுக்கும் 3 : 2. பென்சிலுக்கும் மொத்தத்துக்கும் கேட்டா 12 : 20, அது 3 : 5. 3 : 2ஐப் பார்த்துட்டு "மூணுல ரெண்டு பங்கு"ன்னு சொல்றவங்க இந்த இடத்துலதான் விழுறாங்க.

இப்ப கையில இருக்குற பொருளுக்கு வருவோம். திரையில அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள புள்ளிகள் 1920 : 1080. ஒரு பூஜ்யத்தை எடுங்க, 192 : 108. 12ஆல வகுத்தா 16 : 9. பல லேப்டாப்ல 1366 : 768 இருக்கும், அதையும் 16 : 9ன்னுதான் சொல்வாங்க. சுருக்கினா 683 : 384, அதுக்கு மேல நகராது. குறுக்குப் பெருக்கல் போடுங்க: 1366ஐ 9ஆல பெருக்கினா 12294, 768ஐ 16ஆல பெருக்கினா 12288. கிட்டத்தட்ட சமம், ஆனா சமம் இல்ல.

ஏ4 தாளும் இதே கதைதான். 210 மில்லிமீட்டருக்கு 297. இலக்கத்தைக் கூட்டினா 3, 18. ரெண்டும் 3ஆல வகுபடும். விடை 70 : 99. இந்த வரிசைத் தாளைப் பாதியா மடிச்சா அதே வடிவம் வரணும். அதுக்குக் கச்சிதமான விகிதம் ஒண்ணுக்கு வர்க்கமூலம் 2, அதை முழு எண்ணா எழுதவே முடியாது. அதனால அளவை முழு மில்லிமீட்டரா வச்சிருக்காங்க. ஏ5 தாள் 148க்கு 210. அதை நீங்க சுருக்கிப் பாருங்க. 70 : 99 வராது, 74 : 105 வரும். அப்படி வரலைன்னா எங்க நின்னீங்கன்னு கமென்ட்ல படியோட போடுங்க.