போன கூட்டத்துத் தீர்மானம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக் காலம், வருகிற மனுக்களுக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுகிற வேலை. தெருவிளக்கு கேட்டு மனு, சாலை கேட்டு மனு, போன மாதம் கொடுத்த மனு என்னவாயிற்று என்று கேட்டு இன்னொரு மனு. முக்கால்வாசி மனுக்களில் 'கருணை கூர்ந்து' என்ற வார்த்தை இருக்கும். நாமே ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவரிடம் எதற்குக் கருணை கேட்கிறோம் என்று அந்த நாளில் எனக்கும் உறைத்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு என் ஊர்க் கிராம சபைக்குப் போக ஆரம்பித்தேன். பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல், நான்கு நாற்காலி, ஒலிபெருக்கி. கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து நோட்டு ஒரு சுற்று வந்துவிடும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே அழைத்து வந்து உட்கார வைத்திருப்பார்கள். ஆள் கணக்கு முக்கியம் அல்லவா? 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்பது விதி.

அப்படி ஒரு கூட்டத்தில் மகளிர் குழுப் பெண் ஒருவர் எழுந்தார். "போன கூட்டத்துல, குடிதண்ணித் தொட்டி கழுவுன தேதியைத் தொட்டியிலேயே எழுதணும்னு தீர்மானம் போட்டோம். அதை முதல்ல படிங்க" என்றார். செயலர் தீர்மானப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். கிடைக்கவில்லை. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா" என்றார் தலைவர். "பரவாயில்லைங்க, தேடட்டும். நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஐந்து நிமிட அமைதியை நான் மறக்கவில்லை. அவர் எதையும் கேட்டு வாங்க வரவில்லை. சொன்னது நடந்ததா என்று கேட்டார், அவ்வளவுதான். மனுவுக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிற இடம் சாதாரணமானதல்ல. ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை எல்லாம் அங்கே வைக்கப்பட வேண்டும். வரவு செலவு விவரத்தைப் பதாகையில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி கட்டச் சொல்லி அரசு உத்தரவே இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நான்கு நாட்கள் நடந்த கூட்டத்தோடு, மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். பதாகை கட்டுகிற இடத்தில்கூட எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்? மோட்டார் பழுதுபார்ப்பு என்று ஒரு வரி இருக்கும். ஒரே மோட்டாருக்கு வருடத்தில் எத்தனை முறை காயில் கட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பில் போட்டு அனுப்பிய அலுவலகத்தில் இருந்தவன் சொல்கிறேன், அந்த வரி ரொம்பப் பேசும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் குடவோலையைத்தான் எல்லாரும் சொல்வோம். பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. நிலமும் வீடும் உள்ள ஒரு பிரிவு ஆண்களுக்கான சபைதான் அது. அதைத் தூக்கி வைத்துக் கொண்டாட நான் வரவில்லை. ஆனால் அதில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை அடுத்த முறை குடத்தில் போடக் கூடாது. அவன் பெயரை மட்டுமல்ல, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் பெயரையும் போடக் கூடாது. அண்ணனுக்குப் பதில் தம்பி, கணவனுக்குப் பதில் மனைவி என்று வேட்பாளர் மாறுகிற இந்தக் காலத்தில் அந்த உறவுப் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வருகிறது.

சரி, ஊராட்சித் தலைவரை உட்கார வைத்துக் கேட்க ஒரு பந்தலாவது இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரை எங்கே கேட்பது? தொகுதி மேம்பாட்டுக்கு அவருக்கு வருடத்துக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. பணம் அவர் கைக்கு வராது. வேலையை அவர் பரிந்துரைக்க, மாவட்ட ஆட்சியர் அனுமதி தருவார். ஆனால் அந்தப் பட்டியலைத் தொகுதி மக்கள் முன் வைத்து, ஏன் இந்தத் தெரு, ஏன் அந்தத் தெரு இல்லை என்று விளக்கும் கடமை எந்தச் சட்டத்திலும் கிடையாது. வாக்கெடுப்பில் கட்சிக் கொறடா சொன்னதை மீறினால் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகலாம். தொகுதிக்காரர்கள் சொன்னதை மீறினால் ஐந்து வருடத்துக்கு ஒன்றும் ஆகாது. யாருக்குப் பயப்படுவார், நீங்களே சொல்லுங்கள்.

நம் பங்கும் இதில் உண்டு. நல்ல எம்.எல்.ஏ. யார் என்று கேட்டால், கல்யாணத்துக்கு வருகிறவர், துக்கத்துக்கு வருகிறவர் என்கிறோம். சட்டமன்றத்தில் நம் ஊரைப் பற்றி என்ன கேட்டார் என்று விசாரிப்பதில்லை. மொய் எழுதினாரா என்பது மட்டும் நினைவிருக்கிறது.

திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும் என்று அடிக்கடி சொல்கிறார்கள். பிரிட்டனில் 2015-இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. உறுப்பினர் சிறைத் தண்டனை பெற்றாலோ, அவையிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்கு இடைநீக்கம் ஆனாலோ, பொய்யான செலவுக் கணக்குக் கொடுத்ததாகத் தண்டிக்கப்பட்டாலோதான் அது தொடங்கும். ஆறு வாரத்தில் தொகுதி வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் கையெழுத்திட்டால் இடம் காலி. 2019-இல் பீட்டர்பரோ தொகுதியில் முதன்முறையாக அப்படி ஒருவர் பதவி இழந்தார். இங்கே அந்த நிபந்தனைகள் இல்லாமல் அதைக் கொண்டுவந்தால், தோற்ற வேட்பாளர் மறுநாளே நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்பது என் பயம். அதைவிட, வருடத்துக்கு இரண்டு முறை எம்.எல்.ஏ. தொகுதியில் உட்கார்ந்து, முந்தைய கூட்டத்தின் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும். அது வரும் வரை தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. தொகுதி நிதி வேலைகளின் பட்டியலை, தொகையோடும் ஒப்பந்ததாரர் பெயரோடும் கேளுங்கள். அதற்குக் கருணை தேவையில்லை.

நகரத்து நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கிராம சபை போல உங்களுக்கும் 2022 முதல் பகுதி சபை வந்திருக்கிறது. உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

அந்தத் தொட்டி விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அன்று புத்தகத்தில் தீர்மானம் கடைசி வரை அகப்படவில்லை. புதிதாக எழுதி, அந்த அம்மா படித்துப் பார்த்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டத்துக்குச் செயலர் வந்தபோது புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வைத்திருந்தார். யாரும் கேட்கும் முன்பே அவர் அதைப் பிரித்துப் படித்தார்.

வணக்கம்.